நாத்தனாரோடு ஹாங்காங்

வெள்ளி, காலை

விமானம் தாழ்ந்து வந்தபோது ஜன்னல் வழியே கப்பல்களைப் பார்த்தேன். பக்கத்து சீட்டில் இருந்த தேவகிக்குக் கணக்குச் சொல்லலாம் என்று ஒவ்வொன்றாக எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டேன். சரக்கு ஏற்றியவை, காலியாக மிதப்பவை, நங்கூரம் போட்டு நிற்பவை, அவற்றுக்கு நடுவே சந்து கண்டுபிடித்து ஓடும் சின்னப் படகுகள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தைத் தூரத்தில் இருந்து பார்த்தே வாயைப் பிளந்தவள் நான்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்குள் போகும் ஒயர் கட்டுகள் செய்கிற கம்பெனியில் நான் சோதனைப் பிரிவு சூப்பர்வைசர். என் கணவர் முருகேசனுக்கு அதே சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் வேலை. பெங்களூரில் இருக்கும் எங்கள் மகன் பிரவீன், "சிங்கப்பூர், மலேசியா, ஹாங்காங், எது வேணும்னு சொல்லுங்க, ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்று ஒரு வருஷமாக நச்சரித்தான். கடைசியில் நாங்கள் சரி என்றபோது மில்லில் பராமரிப்பு வேலை வந்து இவருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்போதுதான் என் நாத்தனார் தேவகி, "நான் வேணா கூட வரேன் அண்ணி. ஹாங்காங்கே போலாம்" என்றாள்.

தேவகிக்கு முப்பத்தொன்பது வயது. புருஷன் ஆர்.கே.பேட்டையில் வேறு குடும்பம் வைத்துக்கொண்ட பிறகு, ஆறு வருஷமாக எங்களோடு இருக்கிறாள். பெரியபாளையம் கோயில் வாசலில் ஒரு தேங்காய் பழக் கடையில் வேலை. அவளுக்குப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "எப்படி எடுத்த?" என்று கேட்டதற்கு, "கடைக்கு வர்ற ஒரு அக்கா எட்த்தாங்க, நானும் கூடவே எட்த்துட்டேன்" என்றாள். எனக்கும் துணை கிடைத்த சந்தோஷத்தில் மேலே கேட்கத் தோன்றவில்லை.

குடியேற்றச் சோதனையில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், எத்தனை நாள் என்று கேட்டாள். தேவகி நான்கு விரலைக் காட்டினாள். அவள் மேலுதட்டில் வியர்வை. குளிரூட்டிய மண்டபத்தில் எனக்கே பல் கிட்டிக்கொண்டிருந்தது. பயம் போலும் என்று அவள் தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

விமான நிலையம் ஒரு தீவில் இருக்கிறது. அங்கிருந்து ஊருக்குள் போக ஒரு தொங்கு பாலம். மேலே கார், உள்ளே ரயில், கீழே கப்பல். பாலத்தைத் தாண்டியதும் சரக்குப் பெட்டிகளை அடுக்கிய முனையம் வந்தது. எங்கள் கம்பெனி வாசலில் வாரத்துக்கு இரண்டு பெட்டி வந்து நிற்கும், அதில் சரக்கு ஏற்றி முடித்தால் பெரிய சாதனை மாதிரி கை தட்டுவோம். இங்கே அப்படிப்பட்ட பெட்டிகள் மாடி மாடியாக, தெருத் தெருவாக நின்றன. அவற்றை அடுத்து நின்ற குடியிருப்புகளும் அதே மாதிரி அடுக்கியவைதான். ஐம்பது மாடிக் கட்டடத்தின் ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு கம்பி, கம்பியில் உள்பாவாடையும் பனியனும்.

"அண்ணி, அந்த உச்சில குடியிருக்கறவன் மாவு வாங்கணும்னா எப்டி எறங்கி வருவான்?" என்று தேவகி கேட்டாள். டூர் பஸ்ஸில் எங்களோடு வந்த சென்னைக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

யாவ் மா டே என்ற இடத்தில் ஓட்டல். அறையில் இரண்டு கட்டில் போட்டது போக, ஆள் நிற்க ஒரு முழம் இடம்தான். தேவகி பெட்டியைத் திறக்க இடமில்லாமல் கட்டில் மேலேயே வைத்துத் திறந்தாள். ஸ்வெட்டர் இரண்டு, போர்வை, ஊறுகாய் பாட்டில், மிளகாய்த்தூள் பொட்டலங்கள்.

"நாலு நாளைக்கு எதுக்குடி இத்தினி மொளகாத்தூளு?"

"இந்த ஊரு சோறு உப்பு ஒறப்பு இல்லாம இருக்கும்னு சொன்னாங்க அண்ணி" என்று பெட்டியைச் சட்டென்று மூடினாள்.

வெள்ளி, மாலை

சிம் ஷா சூய் படித்துறையில் இருந்து எதிர்க்கரைக்குப் படகு. ஆளுக்கு ஐந்து டாலர், நம் பணத்தில் ஐம்பத்தைந்து ரூபாய் சொச்சம். பச்சையும் வெள்ளையும் அடித்த பழைய படகு. மர பெஞ்சின் சாய்மானத்தைத் தள்ளினால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முகம் திருப்பி உட்காரலாம். கரையை விட்டதும் எதிரே மொத்த நகரமும் விளக்குப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றது. கட்டடங்களின் மேல் எழுத்துகள் ஓடின, நிறங்கள் வழிந்தன, அத்தனையும் தண்ணீரில் விழுந்து அலை தட்டும்போது உடைந்தன.

பக்கத்தில் இருந்த உள்ளூர்க்காரர்கள் ஒருவர்கூடத் தலை தூக்கவில்லை. எல்லோரும் போனில். மின்சார ரயிலில் மீஞ்சூர் வந்ததா பொன்னேரி வந்ததா என்று பார்க்காமல் நாங்கள் உட்கார்ந்திருப்பது மாதிரி.

சனி

வழிகாட்டி லியோ என்ற பையன், மலையுச்சிக்குப் போகும் டிராமில் ஏற்றினான். வண்டி எத்தனை செங்குத்தாக ஏறுகிறது என்றால், வெளியே இருக்கும் கட்டடங்கள் எல்லாம் சாய்ந்து விழப்போவது போலத் தெரிகின்றன. தேவகி என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டாள். நானூறு மீட்டருக்கு மேலே நின்று பார்த்தால் துறைமுகம் ஒரு தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தது போல இருக்கிறது.

இறங்கி வந்து ஒரு சந்தைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டியில் உயிருள்ள தவளைகள், கட்டிப்போட்ட நண்டுகள், கழுத்தோடும் அலகோடும் மெருகு பூசித் தொங்கவிட்ட வாத்துகள். மீன்காரி ஒருத்தி மீனை இரண்டாகப் பிளந்து வைத்திருந்தாள். அதன் இதயம் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. பழவேற்காட்டு மீனையும் இறாலையும் தின்று வளர்ந்த நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஒரு கடையில் இரண்டு டீ குடித்தோம். இரண்டுக்கும் சேர்த்துச் சொன்ன விலையைக் கேட்டு, பால் மாட்டையும் சேர்த்துக் கொடுப்பார்களா என்று கேட்கலாம் போல இருந்தது.

தேவகிதான் எதிலும் ஒட்டவில்லை. அடிக்கடி போன் வந்தது. எடுத்துக்கொண்டு தள்ளிப் போய், "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்றாள். கடைக்கார அம்மாவா என்று கேட்டேன். ஆமாம் என்றாள்.

ஞாயிறு, முற்பகல்

அன்று எங்கள் இஷ்டத்துக்குச் சுற்றலாம் என்று லியோ சொல்லியிருந்தான். மறுபடியும் படகேறி எதிர்க்கரைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை கோட்டும் டையுமாக ஆட்கள் ஓடிய அந்த வங்கித் தெருக்களில், ஞாயிற்றுக்கிழமை வேறு ஜனம். ஆயிரக்கணக்கான பெண்கள். கட்டடங்களுக்கு அடியில், மேம்பால நடைபாதைகளில், பூட்டிய கடைகளின் வாசலில், அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து உட்கார்ந்திருந்தார்கள். சாப்பிடுகிறார்கள், சீட்டு விளையாடுகிறார்கள், ஒருத்தி முடியை ஒருத்தி வெட்டிவிடுகிறாள், ஒரு கூட்டம் பாட்டுப் போட்டு ஆடுகிறது. ஏதோ வெள்ளத்தில் வீடிழந்தவர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். காலணியைக்கூடக் கழற்றி ஓரமாக அடுக்கி வைத்திருந்தார்கள்.

ஒரு நடைபாதையில் தேவகி கால் வலித்து நின்றாள். உடனே ஒரு பெண் நகர்ந்து, தன் அட்டையில் இடம் காட்டினாள். பெயர் மேரிசெல். பிலிப்பைன்ஸ்காரி, என் வயது இருக்கும். நான் கம்பெனியில் பேசும் உடைந்த ஆங்கிலமும் அவள் ஆங்கிலமும் சரியாகப் பொருந்திப்போயின. எல்லோரும் வீட்டு வேலை செய்கிறவர்களாம். வேலை செய்யும் வீட்டிலேயே தங்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள் லீவு. அந்த ஒரு நாள் போய் உட்கார இடம் கிடையாது, அதனால் தெரு. ஒரு டப்பாவைத் திறந்து இருவருக்கும் நூடுல்ஸ் கொடுத்தாள்.

"ஹாலிடேவா? வேலைக்கு வந்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஹாலிடே" என்றேன் நான்.

"ஒர்க்கிங்" என்றாள் தேவகி.

இரண்டு பதிலும் ஒரே நேரத்தில் வந்தன. நான் திரும்பிப் பார்த்தேன். தேவகி என்னைப் பார்க்காமல், நூடுல்ஸ் டப்பாவைப் பார்த்துக்கொண்டே மறுபடியும் சொன்னாள். "மீ. ஒர்க்கிங். டுடே."

மேரிசெல் சிரிப்பை நிறுத்திவிட்டாள். ஒப்பந்தம் இருக்கிறதா, என்ன விசா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் தேவகி கையை விரித்தாள். சுற்றுலாவுக்கு வந்தவர்கள் வேலை செய்தால் ஜெயில் என்று மேரிசெல் என்னிடம் மெதுவாக, இரண்டு முறை சொன்னாள். அவர்களுக்குள் உதவி செய்கிற ஒரு குழு இருக்கிறதாம். என் போனை வாங்கித் தன் நம்பரைப் பதிந்து கொடுத்தாள்.

ஞாயிறு, மதியம்

திரும்பும் படகில்தான் தேவகி சொன்னாள். கோயில் கடைக்கு வருகிற அந்த அக்கா ஒரு நம்பர் கொடுத்திருக்கிறாள். அதில் பேசிய மேடம், இங்கே ஒரு ஓட்டல் சமையற்கட்டில் வேலை, தங்க இடம், சாப்பாடு, எல்லாம் தயார் என்றிருக்கிறாள். சுற்றுலாவாக வந்துவிட்டால் போதும், பேப்பரெல்லாம் அவள் மாற்றிக் கொடுப்பாளாம். மூன்று மணிக்கு வரச்சொல்லி இருக்கிறாள். நாளைக்கு விமானத்தில் நான் தனியாகப் போக வேண்டும்.

நான் அவள் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தேன்.

"உங்க அண்ணனுக்கு நான் இன்னாடி பதில் சொல்றது?"

"அவ காணாப் போய்ட்டான்னு சொல்லு."

"அடியே!"

"கத்தாத அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"உனுக்கு எங்கூட்ல இன்னா கொறைச்சல்? யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னமா?"

"யாரும் ஒண்ணும் சொல்லல. நீ நல்லாத்தான் பாத்துக்கற." அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. இத்தனை தெளிவாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. "ஆறு வருசமா ஒரு நாளாச்சும் நான் ரெண்டாந்தபா கொழம்பு கேட்டுகிறனா, யோசிச்சுப் பாரு. என் துணி இன்னும் பையிலதான் கீது. உங்க பீரோல ஒரு தட்டு காலி பண்ணிக் குடுன்னு கேக்க எனக்கு வாய் வர்ல. விருந்தாளியாவே எத்தினி வருசம் அண்ணி இருக்கறது?"

நான் யோசித்துப் பார்த்தேன். அவள் இரண்டாம் முறை குழம்பு கேட்டதில்லை. அந்தத் துணிப்பை ஹால் மூலையில் நின்றது எனக்கு நினைவு வந்தது. தினமும் பெருக்கும்போது அதை நகர்த்திப் பெருக்கி, மறுபடி அதே இடத்தில் வைத்திருக்கிறேன்.

கரை வந்துவிட்டது. வேலைக்குப் போகாதே என்று கெஞ்சினேன். மேரிசெல் சொன்னதைச் சொன்னேன். "அவ ஊரு பொம்பளைங்களுக்கு வேலை போய்டும்னு அப்டி சொல்றா" என்றாள். பிரவீனுக்குப் போன் பண்ணுகிறேன் என்றேன். "பண்ணு. அதுக்குள்ள நான் போய்டுவேன்" என்றாள்.

"செரி. அப்ப நானும் வரேன். எடத்தைப் பாத்துட்டுத்தான் உன்ன உடுவேன்."

அதற்கு மட்டும் தலையாட்டினாள்.

ஞாயிறு, மூன்று மணி

சாம் ஷூய் போ, சிம் ஷா சூயில் இருந்து பாதாள ரயிலில் ஐந்தாவது நிலையம். ரயிலுக்கு வெளியே வந்தால், நாங்கள் மூன்று நாளாகப் பார்த்த ஹாங்காங் அங்கே இல்லை. நடைபாதை முழுக்கப் பழைய போன், பழைய ரிமோட், ஒயர் சுருள்கள். மேலே கறுத்துப்போன கட்டடங்கள், ஜன்னல்களில் துருப்பிடித்த கம்பிக் கூண்டுகள். தேவகி போனில் வழி கேட்டுக்கொண்டே முன்னால் நடந்தாள். பெட்டியை ஓட்டலில் விட்டுவிட்டு, தோளில் கைப்பையை மட்டும் மாட்டியிருந்தாள்.

லிப்ட் இல்லை. படி செங்குத்து. நான்காவது மாடியில் இரும்புக் கதவு திறந்தது. சாம்பார் பொடி வாசனையும் ஈரத்துணி நாற்றமும் சேர்ந்து முகத்தில் அடித்தன.

மேடத்துக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். சுடிதார், நெற்றியில் விபூதி, மெல்லிய குரல். "வாங்க, வாங்க. அண்ணியும் வந்திருக்கீங்களா? ரொம்ப சந்தோஷம்" என்று நல்ல தமிழில் வரவேற்றாள். நான் எதிர்பார்த்தது ஏதோ முரட்டு ஆள். இவள் எங்கள் தெருப் பள்ளிக்கூட டீச்சர் மாதிரி இருந்தாள். அதற்காகவே தேவகியை இன்னும் ஒட்டி நின்றேன்.

ஒரே வீட்டைப் பலகை வைத்துத் தடுத்து ஏழெட்டு அறையாக்கி இருந்தார்கள். எங்களை உட்காரவைத்த அறையில் மூன்றடுக்குக் கட்டில்கள். ஒவ்வொரு தட்டிலும் ஒரு திரைச்சீலை. ஆள் நிமிர்ந்து உட்கார முடியாத உயரம். முதல் நாள் துறைமுகத்தில் சரக்குப் பெட்டி அடுக்கியிருந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டேனே, இங்கே மனுஷர்களை அப்படி அடுக்கி இருந்தார்கள். சில திரைகளுக்குக் கீழே கால்கள் தெரிந்தன. பகலில் தூங்குகிறவர்கள்.

தேவகி ஒரு திரையை விலக்கிப் பார்த்தாள். "தனியா ஒரு மறைப்பு கீதே அண்ணி" என்று என் காதில் சொன்னாள். அவள் குரலில் இருந்தது ஆசை. எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுப்பவள் சொல்கிறாள்.

மேடம் டீ கொண்டுவந்தாள். "நாளைக்கே வேலையில சேந்துடலாம். பாஸ்போர்ட்ட மட்டும் இப்பவே குடுத்திடும்மா. விசா மாத்தணும் பாரு."

தேவகி கைப்பையின் ஜிப்பைத் திறந்து உள்ளே கையை விட்டாள்.

அப்போதுதான் மேல் தட்டில் இருந்து ஒரு குரல் வந்தது. முப்பது வயதுப் பெண், போனைக் காதில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஊரில் இருக்கும் குழந்தையோடு பேசுகிற கொஞ்சல் குரல். பேசியது தெலுங்கு.

"அம்மா செப்பேதி வினு நானா. ஆ புஸ்தகம் எவரிக்கீ இவ்வொத்து. இஸ்தே மள்ளி ராது."

அம்மா சொல்வதைக் கேள். அந்தப் புத்தகத்தை யாருக்கும் கொடுக்காதே. கொடுத்தால் திரும்ப வராது.

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்குத் தெலுங்கு புரியாமல் இருக்குமா? என் லைனில் பாதிப் பெண்கள் தடாவில் இருந்தும் சூளூர்பேட்டையில் இருந்தும் ரயிலில் வருகிறவர்கள். தேவகியின் கடைக்கு வரும் பக்தர்களில் பாதிப்பேர் ஆந்திராக்காரர்கள். நான் தேவகியைப் பார்த்தேன். பைக்குள் போன கை அப்படியே நின்றிருந்தது. மேடத்தின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அவளுக்குத் தெலுங்கு தெரியாது.

"மூணு வாரமா இதே மாதிரி பேசிட்டே இருக்கா, பாவம், கொழந்தை ஞாபகம்" என்றாள் மேடம் சிரித்தபடி.

தேவகியின் கை வெளியே வந்தது. கையில் மிளகாய்த்தூள் பொட்டலம்.

"உங்களுக்குன்னு எட்த்தாந்தேன் மேடம். எங்கூர் மொளகா. பாஸ்போர்ட்டு ஓட்டல் பெட்டில கீது. இத்த குடுத்துட்டு, போய் பெட்டியோட எட்த்தாந்துடறேன்."

மேடத்தின் கண் ஒரு கணம் கைப்பை மேல் நின்றது. பிறகு பொட்டலத்தை வாங்கி முகர்ந்து பார்த்தாள். "அஞ்சு மணிக்குள்ள வந்துடும்மா."

எழுந்து கதவு வரை வந்துவிட்டோம். எனக்கு ஓட வேண்டும் போல இருந்தது. தேவகி நின்றாள். தன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். மணி அடிக்கவே இல்லை. தெலுங்கில், ஏதோ தெரிந்தவர்களிடம் விசாரிப்பது போல, உரக்கக் கேட்டாள். "பாகுன்னாவா? பேரேமி? ஏ ஊரு?"

மேல் தட்டுப் பெண் சுவரைப் பார்த்தபடியே தன் போனுக்குப் பதில் சொன்னாள். பெயர் சுஜாதா. சூளூர்பேட்டை. இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லோருடைய பாஸ்போர்ட் புத்தகமும் இந்த அம்மாளிடம். கதவை வெளியே இருந்து பூட்டுகிறாள்.

ஒரே அறையில் இரண்டு பெண்கள், பேசாத இரண்டு போன்களில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் பேசிக்கொண்டார்கள். நான் நடுவில் நின்று மேடத்தைப் பார்த்து இளித்துக்கொண்டிருந்தேன்.

"சரேலே, நேனு சூஸ்குண்டானு" என்று முடித்தாள் தேவகி. சரி, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இரும்புக் கதவு எங்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது.

ஞாயிறு, சாயங்காலம்

தெருவுக்கு வந்ததும் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரயில் நிலையத்தைப் பார்த்து நடந்தேன். "வா, ஓட்டலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்குவோம். நாளைக்கு ப்ளைட்டு. தப்பிச்சோம், அதுவே போதும்."

அவள் கையை உருவிக்கொண்டாள். "அந்தப் பொண்ணு?"

"போலீசு, அது இதுன்னு போனா பேஜாரு தேவகி. ஊரு தெரியாது, பாஷை தெரியாது. நம்மளையே புட்ச்சி வெச்சுட்டா?"

"வெச்சா வெக்கட்டும். அது வாயத் தொறக்காம கம்முனு இருந்திருந்தா இந்நேரம் என் பாஸ்போர்ட்டு அவ கையில. நான் மேல் தட்டுல படுத்துக்கினு இருப்பேன். நீ நாளைக்குப் போய்ட்டு இருப்ப." என் பையில் இருந்த போனை எடுத்து என் கையில் திணித்தாள். "அந்தக் காலைல பாத்த அக்காவுக்குப் போடு."

போட்டேன். மேரிசெல் இரண்டாவது மணியில் எடுத்தாள். நான் அழுதுகொண்டே ஏதேதோ சொன்னேன். "அங்கேயே நில்லுங்கள்" என்பது மட்டும் எனக்குப் புரிந்தது.

எதிர்ச் சாரியில் ஒரு கஞ்சிக்கடை. அந்த வாசல் தெரிகிற மேஜையில் உட்கார்ந்தோம். யாராவது வெளியே வந்துவிடுவார்களோ, மேடம் ஜன்னலில் பார்த்துவிடுவாளோ என்று எனக்கு உயிரே இல்லை. கடைக்காரக் கிழவர் என்ன வேண்டும் என்று சைகையில் கேட்டார். தேவகி பக்கத்து மேஜைக் கிண்ணத்தைக் காட்டினாள். வந்த கஞ்சியை முழுவதும் குடித்தாள். பிறகு காலிக் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டி, இன்னொன்று கேட்டாள். நான் அவளையே பார்த்தேன்.

மேரிசெல் தன் லீவு நாளின் மிச்சத்தை விட்டுவிட்டு வந்தாள். கூடவே அந்தக் குழுவைச் சேர்ந்த இன்னொரு பெண்ணும் வந்தாள். அவர்கள்தான் போலீசுக்குப் பேசினார்கள். சட்டை கசங்காத நான்கு போலீசார் வந்தார்கள், இருவர் பெண்கள். சத்தம் இல்லை, விசில் இல்லை. தேவகி வழி காட்டிக்கொண்டு அவர்களோடு அந்தப் படிகளில் ஏறினாள். நான் கீழேயே நின்றேன்.

முதலில் மேடம் இறங்கினாள். என்னைத் தாண்டும்போதுகூட அவள் முகத்தில் கோபமில்லை, தெருவில் யாரையோ பார்ப்பது மாதிரி பார்த்தாள். பின்னால் போர்வையும் பையுமாக நான்கு பெண்கள். சுஜாதா தெரு வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். தேவகியிடம், "அக்கா, உனக்குப் புரிஞ்சிதோ இல்லியோன்னு செத்துப் போனேன்" என்று தெலுங்கும் தமிழும் கலந்து சொல்லி, அவள் தோளில் சாய்ந்தாள். ஊரில் ஆறு வயதுப் பையன் இருக்கிறானாம். மூன்று வாரமாக அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் போனில் சிம்மே கிடையாது, மேடம் எடுத்து வைத்துக்கொண்டாள். புதிதாக யார் வந்தாலும் அந்த வெறும் போனில்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். எங்களுக்கு முன் வந்த இருவருக்குத் தெலுங்கு தெரியவில்லை.

தேவகி என் போனை அவளிடம் கொடுத்தாள். நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றோம்.

திங்கள்

காலை முழுவதும் காவல் நிலையத்தில் போனது. மொழிபெயர்க்க ஒரு தமிழ் அம்மாவை வரவழைத்திருந்தார்கள். தேவகி கேட்ட கேள்விக்கெல்லாம் நிதானமாகப் பதில் சொன்னாள். எங்களை மரியாதையாக அனுப்பிவைத்தார்கள். சுஜாதாவும் மற்றவர்களும் விசாரணை முடிகிற வரை அங்கேதான் இருக்க வேண்டும், தங்க இடத்துக்கு அந்தக் குழு பொறுப்பு. லியோ எங்களுக்காகப் பெரிய புத்தர் சிலை பார்க்கும் டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஓட்டல் வாசலில் காத்திருந்தான். நாங்கள் போகவில்லை.

சாயங்கால விமானம் மேலே எழும்பியபோது கப்பல்கள் மறுபடியும் தெரிந்தன. தேவகி ஜன்னலோரம் உட்கார்ந்து, நெற்றியைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அண்ணனுக்கு நானே சொல்றேன்" என்றாள்.

செவ்வாய், காலை

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி ரயில். எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த இவர் பெட்டியை மேலே தூக்கி வைத்துவிட்டு, "ஊரு எப்டி கீது? கப்பல்லாம் பாத்தீங்களா?" என்று உற்சாகமாகக் கேட்டார். கூட்டமில்லாத பெட்டி. திருவொற்றியூர் தாண்டியதும் தேவகி ஆரம்பித்தாள். ஒன்றையும் மறைக்காமல், குரலை ஏற்றாமல் சொன்னாள். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் வந்து போயின. மீஞ்சூரில் இவர் எழுந்து போய்க் கதவோரம் நின்றார். பொன்னேரியில் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"ஊட்ட உட்டுப் போவணும்னு இருந்தா எங்கிட்ட சொல்லக்கூடாதா தேவகி?"

"சொன்னா உட்டுருப்பியா அண்ணா?"

அவர் யோசித்தார். "உட்டுருக்க மாட்டேன்" என்றார் கடைசியில்.

இது நடந்து சில மாதங்கள் ஆகின்றன. சுஜாதா ஊர் வந்து சேர்ந்துவிட்டாள். மேடத்தின் மேல் வழக்கு நடப்பதாக மேரிசெல் எழுதினாள். நம்பர் கொடுத்த அந்த அக்கா, கோயில் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். தேவகி எங்கள் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சேர்ந்து, முதல் மாதச் சம்பளத்திலேயே ரெட்டம்பேடு சாலைப் பக்கம் ஒரு அறை பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் இருந்து நடந்தால் பத்து நிமிஷம். தெருவில், நாங்கள் அவளைத் துரத்திவிட்டதாக ஒரு கதை கிளம்பியது. இவர் முதலில் குன்றிப்போனார். பிறகு அவரே போய் அவளுக்கு மின்விசிறி மாட்டிக் கொடுத்தார்.

ஹாங்காங் எப்படி இருந்தது என்று கம்பெனியில் இன்னமும் கேட்கிறார்கள். நான் போட்டோக்களைக் காட்டுகிறேன். அந்த உயரத்தை, அந்த விளக்குகளை, டீயின் விலையைச் சொன்னால் வாயில் கை வைக்கிறார்கள். நானும் அங்கே அப்படித்தான் வாயில் கை வைத்துக்கொண்டு திரிந்தேன். ஆனால் என்னை உலுக்கிப் போட்ட விஷயத்தைத் தெரிந்துகொள்ள அத்தனை தூரம் பறந்திருக்கத் தேவையில்லை. அது ஆறு வருஷமாக என் வீட்டு ஹாலிலேயே இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை கோழிக் குழம்பு எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன். பச்சைப் பெயின்ட் அடித்த கதவு சாத்தியிருந்தது. பழக்கத்தில் தள்ளித் திறக்கப் போன கையை இழுத்துக்கொண்டு, தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்டி."

"இரு அண்ணி, துணி மாத்திக்கினு கீறேன்."

தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, வெயிலில் நின்று காத்திருந்தேன்.